பத்தடிக் குழியில் அறுபதடிச் சுவர்

தராசுக்காரர் யாரையும் எளிதில் நம்பமாட்டார். அது பிறவிக் குணம் இல்லை, தொழில் தந்த வியாதி. முப்பத்தொரு வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைப் பழுது பார்த்து, எடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துக் கொடுக்கிறவர். தட்டுக்கு அடியில் ஒட்டிய ஈயத்துண்டையும் மேசைக்குள் பதுக்கிய காந்தத்தையும் அவர் கை தானாகவே தேடிப் போகும். தேடும்போது கடைக்காரரிடம், "அடியில ஏதாவது இருக்கா?" என்று சும்மா ஒரு கேள்வி போடுவார். "ஒண்ணும் இல்லீங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலில் இரண்டு வகை உண்டு. உண்மையிலேயே ஒன்றும் இல்லாதவன் எரிச்சலோடு சொல்வான். ஏதோ இருக்கிறவன் அன்பாகச் சொல்வான், சொல்லிவிட்டு டீ வேறு வரவழைப்பான். அன்பான குரல் காதில் விழுந்ததுமே தராசுக்காரர் தட்டைத் திருப்பிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் தொன்மைக் காப்புத் துறையிடம் தானாகப் போய் மாட்டிக்கொண்டார்.

காரணம், மனைவியின் முழங்கால். குடியிருப்பு மாடியில். கீழே முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் ஒரு துண்டு காலி மனை. நடுவில் பதினேழு படிகள். அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் ஒரே வருடத்தில் மக்கர் செய்ததில், ஏழு மாதமாகக் கீழே இறங்கவில்லை. வைத்தியர், "படியே கூடாது" என்று சொல்லிவிட்டார். பின்மனையில் குளியலறையோடு ஓர் அறை கட்டிவிட்டால் அவர் தரையைப் பார்க்கலாம். அவ்வளவுதான் திட்டம். கொத்தனார் வந்து, பத்தடிக்கு எட்டடி, நாலடி ஆழத்தில் குழி வெட்டினார். மூன்றாம் நாள் மண்வெட்டியில் கொஞ்சம் பானை ஓடுகள் சிக்கின.

நகரத்தில் புதுச் சட்டம் ஒன்று இருந்தது. மண்ணுக்கடியில் பழையது எது கிடைத்தாலும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். இரண்டு கையளவு ஓடுகளை யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கலாம். ஆனால் கொத்தனார் போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று தராசுக்காரருக்குச் சந்தேகம். ஆகவே அவரே முந்திக்கொண்டு துறையின் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே வரிசையில் அவருக்கு முன்னால் கொத்தனார் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க சொல்லாம விட்டு, நாளைக்கு என் தலையில கட்டிடுவீங்களோன்னுதான்," என்றார் கொத்தனார், தலையைச் சொறிந்துகொண்டு.

மறுநாளே துறையிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். கையில் கயிறு, தோளில் கயிறு, பைக்குள் இன்னும் கயிறு. அன்று முதல் அந்த வீட்டில் அவருக்குக் கயிற்றுக்காரர் என்று பெயர். குழியைச் சுற்றி நாலு முளை அடித்து, கயிறு கட்டி, "யாரும் அசையாதீங்க" என்றார். கயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனைக்கும் எண் கொடுப்பது துறையின் முறையாம். முதல் மூன்று எண்கள் ஓட்டுக் குவியல்களுக்குப் போயின. நாலாவது எண் கொத்தனாரின் கரணைக்கு. ஐந்தும் ஆறும் அவருடைய செருப்புகளுக்கு. ஏழு, அவர் பாதி குடித்து வைத்திருந்த டீ கிளாசுக்கு.

"சார், அது என் செருப்பு சார்," என்றார் கொத்தனார்.

"இப்போதைக்கு அப்படிச் சொல்ல முடியாது," என்றார் கயிற்றுக்காரர். "ஆய்வு முடியட்டும்."

"போன மாசம்தான் சார் வாங்கினேன்."

"உங்க தரப்புன்னு எழுதிக்கறேன். ஆனா நீங்க இதுல சம்பந்தப்பட்ட ஆள். சம்பந்தப்பட்டவங்க சொல்றதை ஆதாரமா எடுத்துக்கறதில்லை."

கொத்தனார் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

பிறகு கயிற்றுக்காரர் ஒரு தராசு கேட்டார். உடைந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது, மொத்தமாக எடை போட்டுத்தான் பதிவேட்டில் ஏற்றுவார்களாம். இதைக் கேட்டதும் தராசுக்காரருக்குக் கொஞ்சம் மனம் குளிர்ந்தது. எடை என்று வந்துவிட்டால் அங்கே ஒரு நியாயம் இருக்கும் என்பது அவர் எண்ணம். பட்டறையின் நல்ல தராசைத் துடைத்துக் கொண்டுவந்தார். ஒரு கிலோ இருநூற்று நாற்பது கிராம். கயிற்றுக்காரர் பதிவேட்டில் எழுதினார். தராசுக்காரர் பட்டறைக் கதவோரச் சுவரில் பென்சிலால் எழுதினார். எதை நிறுத்தாலும் எடையையும் அது வந்த இடத்தையும் அந்தச் சுவரில் குறித்துவைப்பது அவர் வழக்கம். "பின்மனை, 1.240."

"எத்தனை நாள்ல முடியுங்க?" என்று கேட்டார்.

"ஒரு வாரம், பத்து நாள். எதுக்கும் நீங்க கவலைப்படாதீங்க," என்றார் கயிற்றுக்காரர். சொன்ன குரல் அன்பாக இருந்தது. தராசுக்காரரின் கை தானாகவே தராசுத் தட்டைத் திருப்பிப் பார்த்தது.

பின்மனையின் மதிலுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பப் போகிறது. இப்போதைக்கு அது எழும்பவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. கார் நிறுத்த மூன்று அடுக்கு வேண்டுமென்று ஒரு தெருவையே விழுங்கக்கூடிய பள்ளம் தோண்டினார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது, சுற்றிலும் தகர வேலி. ஆனால் மாடியின் பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு குழிகளும் தெரியும், சின்னதும் பெரியதும். அந்த ஜன்னலடியில்தான் தராசுக்காரரின் மனைவி ஏழு மாதமாக உட்கார்ந்திருந்தார். இறங்க முடியாதவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

"என்னங்க, உங்க கயிற்றுக்காரர் தெருப் பக்கமாவே வர்றதில்லை," என்றார் ஒரு நாள். "அந்தப் பெரிய பள்ளத்துலேருந்து மதில் ஏறிக் குதிச்சு வர்றார். நமக்குப் போட்டிருக்காங்களே பச்சைத் துணிப் பந்தல், அதுவும் அங்கேருந்துதான் வந்துச்சு. நாற்காலியும்."

தராசுக்காரர் கீழே போய்க் கயிற்றுக்காரரின் பூட்ஸைப் பார்த்தார். சிவப்பு மண். பின்மனைக் குழியில் அடிவரை கறுப்பு மண்தான். சிவப்பு மண் வரவேண்டுமானால் இருபதடி இறங்க வேண்டும். பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கயிற்றுக்காரர் கவனித்து, காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று, பிறகு மூன்று மாதமாயிற்று. குழிக்குள் யாரும் இறங்குவதாகத் தெரியவில்லை. கயிற்றுக்காரர் பந்தலடியில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதுவார், மதில் ஏறிப் போவார், திரும்பி வந்து மறுபடி எழுதுவார். அக்கம்பக்கத்தில் தராசுக்காரருக்குப் புதையல் கிடைத்துவிட்டது என்று பேச்சு. தராசு சரிபார்க்கக் கூப்பிடும் கடைக்காரர்கள் இப்போது அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பார்வை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததில் மனிதர் ஆடிப்போனார்.

ஒரு காலை வாசலில் பெரிய பலகை ஒன்று நட்டிருந்தது. "இவ்விடத்தில் கண்டெடுக்கப்பட்டவை: செங்கல் சுவர், நீளம் அறுபது அடி. உறை கிணறுகள், நான்கு. பானை ஓடுகள், நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. காலணி, ஒரு ஜோடி (காலம் ஆய்வில் உள்ளது)."

தராசுக்காரர் இரண்டு முறை படித்தார். பிறகு பின்பக்கம் போய்க் குழியைப் பார்த்தார். பத்தடிக் குழி பத்தடியாகவே இருந்தது. மழைநீர் கொஞ்சம் தேங்கி, அதில் தவளை ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் எண் கொடுக்கவில்லை.

கொத்தனார் பலகையைப் படித்துவிட்டு அழாத குறையாக நின்றார். "குழி வெட்டினவன் நான். அறுபதடிச் சுவரை நான் பார்க்கவே இல்லை. நாளைக்கு 'எங்கேடா சுவர்'னு கேட்டா, நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னுதானே சொல்வாங்க? செருப்பைத் திருப்பிக் கேட்டதுலேருந்தே அவருக்கு என்மேல ஒரு கண்ணு."

அந்த வாரமே துறையின் இயக்குநர் நேரில் வந்தார். பலகைக்குத் திரை கட்டித் திரையை விலக்கினார்கள். மாலையும் ஒலிபெருக்கியும் பக்கத்துக் கட்டடத்தின் மேலாளர் உபயம். மேலாளருக்கு எப்போதும் சிரித்த முகம், பேச்சில் அப்படி ஓர் அன்பு. தராசுக்காரர் அவரிடமிருந்து நாலடி தள்ளியே நின்றார்.

இயக்குநர் பேசினார்: "இந்த நகரம் வளர்கிறது. வளர்ச்சியும் வேண்டும், பழமையும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் சிக்கல். ஆகவே எங்கள் துறை பழமையை ஓரிடத்திலும் வளர்ச்சியை வேறிடத்திலும் வைத்துப் பாதுகாத்து வருகிறது. வளரும் இடங்களில் எதுவும் கிடைப்பதில்லை. இது எங்கள் இருபது ஆண்டு அனுபவம். கிடைப்பதெல்லாம் எளிய மக்களின் கொல்லைப்புறத்தில்தான் கிடைக்கிறது. அதுதான் நம் மக்களின் பெருமை!"

கைதட்டல் அடங்கியதும் தராசுக்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, குழி பத்தடிதாங்க. சுவர் அறுபதடின்னு போட்டிருக்கு. அதுவும் குழிக்குள்ள ஒரு செங்கல்கூட இல்லைங்க."

இயக்குநர் பரிவோடு சிரித்தார். "கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பது சாதாரண மனிதரின் நிலை. தவறில்லை. துறைக்குப் பதிவேடுதான் கண். சுவர் இடியும், கரையும், காணாமல் போகும். பதிவேட்டில் ஏறிய சுவரை யாராலும் இடிக்க முடியாது."

"ஓடு நானூறு கிலோன்னு இருக்குங்க. என் தராசுல ஒரே தடவைதான் நிறுத்தாங்க. அது நூறு கிலோவுக்கு மேல தாங்காது."

"பாருங்கள், இவருடைய தராசையும் பாதுகாக்க வேண்டும்," என்றார் இயக்குநர். கயிற்றுக்காரர் உடனே அதற்கு ஓர் எண் கட்டினார்.

அன்று மாடியேறி வந்து தராசுக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நான் பார்த்துக்கிட்டேதானே இருக்கேன். அந்தப் பள்ளத்துல நீளமா ஒரு செங்கல் சுவர் இருந்துச்சு. என்ன அழகு தெரியுமா, ஒரு செங்கல் பிசகாம. உங்க கயிற்றுக்காரர் டேப்பை அங்கே பிடிச்சு அளந்தார், இங்கே வந்து எழுதினார். மறுநாள் மெஷினை விட்டு அள்ளிட்டாங்க. வட்டக் கிணறு நாலும் அப்படித்தான் போச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பார்த்தப்ப மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சுங்க. யாரையாவது கூப்பிட்டுச் சொல்லலாம்னு பார்த்தா, சொல்ல வேண்டிய ஆளே அங்கேதான் நிக்கிறார்."

அங்கே கிடைத்ததெல்லாம் இங்கே ஏறுகிறது. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று சான்றிதழ் போகிறது. எடை இங்கே, சரக்கு அங்கே. இந்த வித்தையைத் தராசுக்காரர் முப்பத்தொரு வருடத்தில் பார்த்ததில்லை.

அடுத்தது நோட்டீஸ். அறுபதடிச் சுவரில் பத்தடி குழியில் இருப்பதால், மீதி வீட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். ஆகவே சுவரின் பாதுகாப்பை முன்னிட்டு முப்பது நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம்.

தராசுக்காரர் நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்கு ஒரு ரூம் கட்டலாம்னு ஆரம்பிச்சேன். இருக்கற வீடும் போகப் போகுது."

மனைவி நோட்டீஸை வாங்கிப் படித்தார், கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை படித்தார். "குழி பத்தடி. நம்ம வீடு, வாசல் வரைக்கும் இருபத்தஞ்சடி. முப்பத்தஞ்சாச்சு. மிச்சம் இருபத்தஞ்சடி எங்கே போகுது?"

"ரோட்டுக்கு அடியில."

"ரோட்டைத்தான் போன வருஷம் குழாய் பதிக்க அவ்வளவு ஆழம் வெட்டினாங்களே, இந்தத் துறைதானே வந்து பார்த்து ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துச்சு? அப்ப முன்பக்கம் போகலை. பின்பக்கம்தான் போகணும்." அவர் ஜன்னலைக் காட்டினார். "அவங்க எழுதின சுவர்தானே? அவங்க கணக்குப்படியே போகட்டும்."

விசாரணை நடந்த அறையில் நீள மேசை, தலைக்குமேல் முனகும் மின்விசிறி. மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு பழைய தாழி நின்றது. அதில் ஊழியர்களின் குடைகள் செருகியிருந்தன. கழுத்தில் தொங்கிய சீட்டில் "கிடைத்த இடம்: தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. நடுவில் இயக்குநர், பக்கத்தில் கயிற்றுக்காரர். பின்வரிசையில் கட்டட மேலாளர் சும்மா பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தராசுக்காரர் சாட்சிக்குக் கொத்தனாரைக் கூட்டி வந்திருந்தார். கொத்தனார் புதுச் செருப்பை அறைக்கு வெளியே, தன் கண்ணில் படும்படி விட்டிருந்தார்.

தராசுக்காரர் எழுந்து மனைவி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். முப்பத்தைந்தடி, குழாய்க்கு வெட்டிய ரோடு, துறையே கொடுத்த சான்று.

இயக்குநர் கயிற்றுக்காரரைப் பார்த்தார். கயிற்றுக்காரர் பதிவேட்டைப் பார்த்தார்.

"சுவர் நேரா போயிருக்கணும்னு இல்லையே," என்றார் கயிற்றுக்காரர். "திரும்பியிருக்கலாம்."

"எந்தப் பக்கம் திரும்புச்சுங்க?"

"உள்பக்கமா."

"பத்தடிக் குழிக்குள்ள அறுபதடின்னா, எத்தனை தடவை திரும்பணும்?"

கயிற்றுக்காரர் விரல்விட்டுப் பார்த்தார். "ஆறு தடவை. சுருள் சுவர் சார். இந்த மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் எங்கேயுமே கிடைச்சதில்லை." சொல்லச் சொல்ல அவருக்கே அதில் நம்பிக்கை வந்து, முகம் மலர்ந்தது.

"நல்லதுங்க," என்றார் தராசுக்காரர். "சுருள் குழிக்குள்ளேயே இருந்தா வீட்டைக் காலி பண்ண வேண்டாம். நீளமா போயிருந்தா தோண்டிப் பார்த்துடலாம். எங்க வீட்டுக்கடியிலேயே முதல்ல தோண்டுங்க, சந்தோஷமா விடறேன். கொத்தனார் தயாரா இருக்கார். இல்லேன்னா அப்படியே மதிலுக்கு அந்தப் பக்கம் இருபத்தஞ்சடி. எங்கே போனாலும் சுவரைக் காப்பாத்தணும் இல்லீங்களா? அந்தப் பள்ளத்துல வேலையை நிறுத்தச் சொல்லுங்க."

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. மேலாளர் எழுந்துவந்து இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பில்லை.

இயக்குநர் மேசைமேல் சாய்ந்தார். "உங்களை யார் அனுப்பினது?"

"என் வீட்டம்மாங்க."

"அவங்க எந்தத் துறை?"

"மாடியிலேயே இருக்காங்க. இறங்க முடியாதுங்க."

இயக்குநர் அதை நம்பவில்லை. பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது அவர் குரல் மாறியிருந்தது. "ஆய்வு என்பது தன்னைத்தானே திருத்திக்கொள்வது. தவறை ஒப்புக்கொள்ளத் துறை ஒருபோதும் தயங்கியதில்லை, தவறு பிறருடையதாக இருக்கும் பட்சத்தில். அந்தக் குழியில் எதுவுமே கிடைக்கவில்லை என்று இப்போது தெரியவருகிறது. நீங்கள் கொடுத்த தகவல் பிழையானது. பெருந்தன்மையோடு மன்னிக்கிறோம். நோட்டீஸ் ரத்து. அறை கட்டிக்கொள்ளலாம்."

"அப்ப அந்தச் சுவர்?"

"இல்லை."

"நானூறு கிலோ ஓடு?"

"எங்கேயும் கிடைக்கவில்லை."

"என் செருப்பு?" என்றார் கொத்தனார்.

"அப்படி ஒன்று பதிவிலேயே இல்லை."

மூன்று பிரதிகளை நீட்டினார்கள். "என் மனையில் பழம்பொருள் எதுவும் கிடைக்கவில்லை என உறுதி கூறுகிறேன்." தராசுக்காரர் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். "ஒரு கிலோ இருநூத்து நாப்பது கிடைச்சுதுங்க. நானே நிறுத்தேன். அதை மட்டுமாவது போடலாம்."

"அதைப் போட்டால் கயிறு மறுபடி வரும்," என்றார் இயக்குநர், மிகவும் அன்பாக.

தப்பான எடைக்கு அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காகக் கடைக்காரர்களிடம் அடிகூட வாங்கியிருக்கிறார். கண்ணுக்குள் பதினேழு படிகள் வந்து நின்றன. மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, கொத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அறை நாற்பது நாளில் எழும்பியது. தரையை மேடாக்க மண் வேண்டியிருந்தது. மேலாளர் தாமாகவே மதிலுக்கு மேலாக அனுப்பிவைத்தார், சிவப்பு மண், வேண்டிய மட்டும். கொத்தனார் அதைக் கொட்டி மிதிக்கும்போது ஒரு செங்கல் முழுசாக வந்தது. இந்தக் காலத்துச் செங்கல்லைப்போல இரண்டு பங்கு இருக்கும். ஒரு முகத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. ஈரமாக இருந்தபோது யாரோ தூக்கி வைத்த தடம். கொத்தனார் அதை எடுத்துத் தராசுக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஒண்ணும் பார்க்கலை," என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவியை நாற்காலியோடு இருவரும் தூக்கி இறக்கினார்கள். வெறும் காலைத் தரையில் வைத்ததும் அவர் கண் கலங்கியது. கட்டிலில் உட்காரவைத்து, செங்கல்லை மடியில் வைத்தார் தராசுக்காரர். அந்த அம்மாள் தடத்தில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அளவெடுத்தாற்போல் பொருந்தின.

"பொம்பளைக் கைங்க," என்றார் மெதுவாக. "அந்தச் சுவர்லேருந்து வந்ததுதான். எவ்வளவு எடை?"

தராசுக்காரர் நிறுத்தார். ஒன்பது கிலோ முன்னூறு. பென்சிலோடு பட்டறைச் சுவருக்குப் போனார். எடையை எழுதலாம். வந்த இடம்? இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று துறை போட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் கைக்குச் சொல்லிக்கொள்ள ஓரிடம்கூட மிச்சமில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பிவந்தார்.

அப்போது வாசலில் சத்தம். கட்டிமுடித்த அறையைப் பார்வையிட்டு ஒப்பமிட வேண்டுமாம். கயிற்றுக்காரர் தெருப் பக்கமாகவே வந்திருந்தார், கையில் கயிறு இல்லை. தராசுக்காரர் செங்கல்லைக் கட்டிலுக்கடியில் தள்ளி, போர்வையின் நுனியை இழுத்துவிட்டார். மனைவி அதைப் பார்த்தார்.

கயிற்றுக்காரர் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். தாளை எடுத்து, "கட்டும்போது அடியில ஏதாவது இருந்துச்சா?" என்று சும்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றார் தராசுக்காரர். "உட்காருங்க சார். டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவர் காதில் விழுந்தது.